மணலைச் சமன் செய்த குற்றம்

1

போன கப்பலில் ஊர் திரும்பிய ஒருவர் என்னைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்லியிருப்பார். பினாங்கில் ரெங்கசாமி வெள்ளைக்காரர்களோடு கோல்ஃப் ஆடினான், கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டான், எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டான் என்று சொல்லியிருப்பார். நான் வெள்ளைக்காரர்களோடு ஆடவில்லை. கள்ளாட்டமும் ஆடவில்லை. அவமானப்பட்டது மட்டும் உண்மை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன். நான் இங்கே வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஊருக்கு எழுதிய கடிதங்களில் "இங்கு யாவரும் நலம்" என்பதற்கு மேல் அதிகமாக எழுதியதில்லை. இந்த முறை முழுவதையும் எழுதப் போகிறேன்.

2

கோல்ஃப் என்பது என்ன என்று கேட்பீர்கள். சின்ன வெள்ளைப் பந்தை நீளமான தடியால் அடித்துக்கொண்டே போய், தூரத்தில் கொடி நட்டிருக்கும் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடியில் முடிப்பவன் ஜெயித்தவன். வழியில் வேண்டுமென்றே பள்ளம் தோண்டி மணல் கொட்டி வைத்திருப்பார்கள். பந்து அதில் விழுந்தால் வெளியே எடுப்பது கஷ்டம். இதற்காக ஒரு சின்ன கிராமம் அளவு நிலத்தில் புல் வளர்க்கிறார்கள்.

நான் வேலை செய்வது மலையடிவாரத்தில் உள்ள ஒரு பெரிய ஓய்வு விடுதியில். தோட்டத் துரைகளும் கப்பல் கம்பெனிக்காரர்களும் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே பதினெட்டுக் குழிகள் உள்ள மைதானம். முதல் ஒன்பது வருஷம் அங்கே புல் வெட்டினேன். அடுத்த ஒன்பது வருஷமாக மண்டோர் நான்தான். இருபத்திரண்டு ஆட்களை மேய்க்கும் வேலை.

காலை ஐந்தரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். முதல் நாள் ஆடியவர்கள் பெயர்த்துப் போட்ட புல்லை எடுத்து, பழைய இடத்தில் வைத்துக் குதிகாலால் அழுத்த வேண்டும். லாலாங் என்று இங்கே ஒரு புல் உண்டு. கத்திபோல் இருக்கும், ஒரு முளையை விட்டால் ஒரு மாதத்தில் காடு. கண்ணில் பட்ட இடத்தில் குனிந்து வேரோடு பிடுங்க வேண்டும். மணற்குழிகளில் காலடித் தடம் இருந்தால் இரும்புப் பல் வைத்த வாரியால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். இதெல்லாம் எனக்கு மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. என் மனைவி பாக்கியத்தோடு கோவிலுக்குப் போகும்போதுகூட, வழியில் லாலாங் முளையைப் பார்த்தால் குனிந்துவிடுவேன். "ரோட்டையும் உங்க கிட்டே குத்தகைக்கு விட்டுட்டாங்களா?" என்று அவள் கேட்பாள்.

3

ராஜாவின் பிறந்தநாள் விடுமுறையன்று காலையில், விருந்தாளிகள் ஆடுவதற்கு முன்னால், மைதானத்து ஆட்கள் ஒன்பது குழி ஆடலாம் என்று இந்த வருஷம் புதிதாக ஒரு ஏற்பாடு செய்தார்கள். விடுதியின் செயலாளர் துரைதான் செய்தார். பழைய தடிகளை இரவல் கொடுத்தார். ஜெயிப்பவனுக்கு ஒரு நல்ல குடை பரிசு. எங்களுக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்று நினைத்தோம். வராந்தாவில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, விருந்தாளிகளுக்குத் தேநீரும் பைனாகுலரும் கொடுத்திருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை.

இருவர் இருவராக ஆட வேண்டும். ஒருவன் அடியை மற்றவன் எண்ணி அட்டையில் குறிக்க வேண்டும். எனக்கு ஜோடி முத்தையா. என் கீழே புல் வெட்டுகிறவன், வாய்த்துடுக்கு. எட்டு மணிக்கு முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அண்ணே, இத்தனை வருஷமா இந்தப் புல்லுக்கு நாம சேவுகம் பண்ணினோம். இன்னைக்கு அது நமக்குப் பண்ணட்டும்" என்றான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அடிக்கத் தெரியும். ஒரு துரை கோபத்தில் மரத்தில் அடித்து உடைத்துப் போட்ட தடியைக் கயிறு சுற்றி வைத்திருந்தேன். சாயங்காலங்களில் சாமான் கொட்டகைக்குப் பின்னால் யாரும் பார்க்காதபோது அடித்துப் பார்ப்பேன். எந்த மேட்டில் விழுந்தால் பந்து எந்தப் பக்கம் உருளும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மேட்டுக்கு மண் போட்டவனே நான்தான்.

முதல் இரண்டு குழிகள் நன்றாகப் போயின. மூன்றாவதில் பந்து மணலில் விழுந்தது. உள்ளே இறங்கினேன். முதல் நாள் ஆடிய யாரோ மணலை மிதித்துக் குழப்பி வைத்திருந்தார்கள். வாரி பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்து இழுத்து, பந்தைச் சுற்றி நன்றாகச் சமன் செய்தேன். பிறகு அடித்தேன். பந்து அழகாக எழும்பிப் போய்க் கொடிக்குப் பக்கத்தில் நின்றது. முத்தையா கை தட்டினான்.

ஐந்தாவதில் என் பந்துக்குப் பின்னால் ஒரு லாலாங் முளை. பிடுங்கி எறிந்தேன். ஏழாவதில் பந்துக்குப் பக்கத்தில் பெயர்ந்த புல். குதிகாலால் அழுத்தினேன். இந்த மூன்றையும் செய்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. பார்த்துக்கொண்டிருந்த முத்தையாவுக்கும் இல்லை. அவனும் அதே வேலைக்காரன்தானே.

ஒன்பதாவது குழி முடிந்தபோது எனக்கு நாற்பத்தேழு அடி. முத்தையாவுக்கு ஐம்பத்தொன்று. மற்றவர்கள் எல்லோரும் அறுபதுக்கு மேல்.

4

வராந்தாவுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். செயலாளர் துரை என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை முன்னால் வரச் சொன்னார். பரிசு என்று நினைத்தேன்.

அவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கையால் மணலை வாரி இழுப்பதுபோல் காட்டினார். செய்தாயா என்று கேட்கிறார் என்பது புரிந்தது. "யெஸ் துவான்" என்றேன். துவான் என்றால் இங்கே ஐயா. இன்னொன்று கேட்டார். அது புரியவில்லை. பதினெட்டு வருஷமாக அவர்கள் எது கேட்டாலும் நான் சொல்லி வந்ததையே சொன்னேன். "யெஸ் துவான்." நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவு சிரிப்பு.

விடுதியின் கிராணி தேவசகாயம், கணக்கு வழக்கு எழுதும் நம் ஆள், என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ரெங்கசாமி அண்ணே, மணலைத் தொட்டுட்டு அடிக்கக் கூடாது. அது கள்ளாட்டம். தெரிஞ்சுதான் செஞ்சியான்னு கேட்டாரு. ஆமாம்னு சொல்லிட்டீங்களே."

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க."

"இப்ப எப்படிச் சொல்றது? எல்லாரும் கேட்டுட்டாங்க."

துரை சிவப்பு மையால் என் அட்டையில் குறுக்காக ஒரு வார்த்தை எழுதினார். அங்கத்தினர்களின் அறிவிப்புப் பலகையில் அதைக் குத்தி வைத்தார். கள்ளாட்டக்காரன் என்று அர்த்தமாம். குடை முத்தையாவுக்குப் போனது. அவன் அதை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

எனக்கு ஆத்திரம் வந்தது அங்கே இல்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது வந்தது. பதினெட்டு வருஷமாக நான் மணலைச் சமன் செய்ததற்குத்தான் இவர்கள் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு நாள் செய்யாமல் விட்டால் அபராதம் போட்டார்கள். அதையே ஒரு நாள் ஒரு பந்துக்குப் பக்கத்தில் செய்தால் நான் திருடன். அந்த விதியை ஆடுவதற்கு முன் ஒருவர் எங்களுக்குச் சொன்னாரா? காட்டுக்குள் விழுந்த பந்தைப் பூட்ஸ் காலால் வெளியே தள்ளிவிட்டு அடிக்கிற எத்தனை துரைகளை நான் மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்கள் அட்டையில் யாரும் சிவப்பு மையைத் தொட்டதில்லை.

5

ஊரில் நாங்கள் கிட்டிப்புள் ஆடுவோம். அதுவும் தடியால் அடிக்கிற ஆட்டம்தான். எவனாவது கள்ளாட்டம் என்று கத்தினால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். குற்றம் சாட்டப்பட்டவன் தொண்டை கட்டும் வரை வாதாடலாம். சாமிமேல் சத்தியம் செய்யலாம். பொழுது சாய்ந்தாலும் வழக்கு தீராமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பேசத் தெரியாத நான்கூட அங்கே பேசியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பொட்டலில் எல்லோரும் ஆடவில்லை. தெருவுக்கு அப்பால் இருந்து வந்த பையன்கள் ஓரமாக நின்று பார்க்கத்தான் விட்டோம். புள் தூரத்தில் விழுந்தால் எடுத்து எறியச் சொன்னோம். தடியைக் கையில் கொடுத்ததில்லை. அப்போது அது எனக்குத் தவறாகப் படவே இல்லை. அந்த வராந்தாவுக்கு முன்னால் நின்ற பிறகுதான் அவர்களில் இரண்டு பேருடைய முகம் ஞாபகம் வந்தது. இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

6

அந்த வார்த்தையை எடுக்கச் சொல்ல வேண்டும் என்று தேவசகாயத்திடம் கேட்டேன்.

"எழுத்துல குடுக்கணும் அண்ணே. இங்கிலீஷ்ல. கையெழுத்தோட. வாய்ப் பேச்சை ஆபீஸ்ல எடுத்துக்க மாட்டாங்க."

"நீங்களே எழுதிக் குடுங்களேன்."

"நல்லா இருக்கு. நான் எழுதின புகாரை நானே வாங்கி, நானே முத்திரை குத்தி, நானே பைல்ல வைக்கிறதா? கடைசியில என்னையும் பைல்ல வச்சிருவாங்க. உங்க மகன் இங்கிலீஷ் படிச்சவன்தானே, அவனைக் கேளுங்க."

என் மகன் சுந்தரம் நகரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. குயின் தெருவில் நாலு பேரோடு மாடியறையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை டிராமில் வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். தமிழ் படிக்கத் தெரியும், எழுதச் சொன்னால் எழுத்து கோணும். அவன் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று நான்தான் துடித்தேன். இப்போது அதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அவன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நான் சொல்ல ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்தால் முன்பே தெரியும்போல் இருந்தது.

"கேள்விப்பட்டேம்பா. எங்க பெரிய துவான் அங்கே மெம்பர். மறுநாளே ஆபீஸ்ல சொல்லிச் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அது உங்க அப்பான்னு சொன்னியா?"

அவன் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தான். பாக்கியம் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"நீயும் சிரிச்சியாடா?" என்று அவள்தான் கேட்டாள்.

"இல்லம்மா. சும்மா நின்னேன்."

பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "ரூல்படி தப்புதாம்பா. மணலைத் தொட்டா ரெண்டு அடி கூட்டிக்கணும். ஆனா கள்ளாட்டம் வேற, ரூல் தெரியாமச் செய்யறது வேற. அவர் அப்படி எழுதினது நியாயம் இல்லை."

எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. "இதையே இங்கிலீஷ்ல எழுதி, மகன்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பா."

அவன் எழுந்து கை கழுவினான். திரும்பி வந்து, "என் கையெழுத்து பெரிய துவானுக்குத் தெரியும். பாத்தா கண்டுபிடிச்சிடுவாரு. இப்பத்தான் வேலை நிரந்தரம் ஆகப் போகுது. வேற யாரையாவது பாருங்கப்பா" என்றான்.

வழக்கமாக டிராம் நிற்கும் இடம் வரை கூடப் போவேன். அன்று போகவில்லை.

7

புதன்கிழமை, ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, கடிதம் இல்லாமல் அலுவலகத்துக்குப் போனேன். வெளியே செருப்பைக் கழற்றினேன். தேவசகாயம் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்ன அண்ணே இது, அப்பாயின்ட்மெண்ட் இல்லாம?"

"நான் சொல்றதைத் துவானுக்குச் சொன்னாப் போதும். கூட்ட வேணாம், குறைக்க வேணாம்."

செயலாளர் துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். நான் சொன்னேன். மூன்றாவது குழியில் மணலைச் சமன் செய்தேன். விதி தெரியாது. அதற்கு இரண்டு அடி சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் லாலாங் பிடுங்கினேன், அதற்கு இரண்டு. ஏழாவதில் புல்லை அழுத்தினேன், அதற்கு இரண்டு.

தேவசகாயம் பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார். "அண்ணே, அவரு ஒண்ணுதான் பாத்தாரு. மத்த ரெண்டை எதுக்குச் சொல்றீங்க?"

"செஞ்சேனே. சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் தொடர்ந்தேன். ஆக ஐம்பத்து மூன்று. முத்தையா ஐம்பத்தொன்று, குடை அவனுடையதுதான், அதை நான் கேட்கவில்லை. அந்த வார்த்தையை மட்டும் எடுங்கள்.

துரை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. தேவசகாயம் மொழிபெயர்த்தார்: "நீ கள்ளன் இல்லைன்னு துவானுக்குத் தெரியுமாம். விருந்தாளிங்க ஒரு தமாஷ் எதிர்பார்த்தாங்களாம். அதை மனசுல வச்சுக்காதேங்கறாரு."

தெரியுமாம். தெரிந்தே எழுதினாராம். இரண்டு நிமிஷத் தமாஷுக்கு என் பெயர் கிடைத்ததாம்.

துரை எழுந்து போய்ப் பலகையிலிருந்து அட்டையை எடுத்து வந்து, அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுத்தார். நாற்பத்தேழை அடித்து ஐம்பத்து மூன்று என்று எழுதினார். மறுபடி குத்தப் போனார். "போதும் அண்ணே, வாங்க" என்று தேவசகாயம் என் கையைப் பிடித்தார்.

அந்த ஒற்றைக் கோட்டுக்குக் கீழே வார்த்தை அப்படியே தெரிந்தது. படிக்கத் தெரிந்த யாரும் படிக்கலாம்.

"வேற அட்டை வேணும்னு சொல்லுங்க" என்றேன். தேவசகாயம் அதை மொழிபெயர்க்கவில்லை. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். நான் நகரவில்லை. துரை கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது நானே சொன்னேன்: "நோ, துவான். நியூ கார்ட்."

அந்த அறையில் நான் 'நோ' என்று சொன்னது அதுதான் முதல் முறை. தேவசகாயம் என் கையை விட்டுவிட்டார்.

துரை மேசைக்குத் திரும்பினார். இழுப்பறையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்தார். பேனாவை மையில் தொட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். தேவசகாயம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். என் பெயரைத்தான் கேட்டிருக்கிறார். இத்தனை வருஷமாக அவருக்கு நான் வெறும் மண்டோர்.

8

சனிக்கிழமை எனக்கு மண்டோர் வேலை போய்விட்டது. காரணம் என்று ஒன்றும் எழுதவில்லை. ஆள் மாற்றம் என்று மட்டும் சொன்னார்கள். முத்தையாவை மண்டோர் ஆக்கினார்கள். நான் திங்கட்கிழமை முதல் பழையபடி புல் வெட்ட வேண்டும்.

முத்தையா சாயங்காலம் வந்து வாசலில் நின்றான். உள்ளே வர மாட்டேன் என்றான். "அண்ணே, குடை எனக்கு வந்துச்சு, மண்டோர் வேலையும் எனக்கு வந்துச்சு. நீங்க இன்னொரு ரவுண்டு ஆடினா துரையோட பங்களாவும் எனக்குத்தான்" என்றான். பாக்கியம் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் அழுதான். அவனிடம் எனக்கு வருத்தமில்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாதபடி அவனுக்கும் நாலு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மற்றவர்களிடம் எனக்குள்ள ஆத்திரம் குறையவில்லை. கள்ளன் இல்லை என்று தெரிந்துகொண்டே ஒருவனைக் கள்ளன் என்று எழுதலாம். அதைத் திருத்தச் சொன்னால் வேலையைப் பிடுங்கலாம். கேட்க ஆள் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சுந்தரம் வந்தான். உட்காருவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். தட்டச்சு செய்த இங்கிலீஷ் கடிதம். அடித்தல் திருத்தல் இல்லாமல் வரி வரியாக அழகாக இருந்தது. ஆபீஸில் எல்லோரும் போன பிறகு அடித்தானாம். எனக்குப் படித்துக் காட்டித் தமிழிலும் சொன்னான். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் நான் சொன்னதைவிட நன்றாகச் சொல்லியிருந்தான்.

கடிதத்தின் அடியில் பார்த்தேன். வெறும் இடம்.

"கையெழுத்து?"

"நீங்க போடுங்கப்பா. தமிழ்ல போட்டாலும் செல்லும்."

"நான் போய்ப் பேசிட்டேன் சுந்தரம். புது அட்டை எழுதிட்டாங்க. மண்டோர் வேலையும் போயிடுச்சு."

"நீங்களா பேசினீங்க?" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இருபது வயதுப் பையன். அவனுக்கும் அந்த ஆபீஸில் தினமும் எத்தனை 'யெஸ்' சொல்ல வேண்டியிருக்கிறதோ.

காகிதத்தை மடித்து அவன் கையிலேயே கொடுத்தேன்.

"இதை நீயே வச்சுக்கப்பா" என்று சொல்லி, சாப்பிட வரச் சொன்னேன்.